முன் செல்லும் கூடாரம்

முகலாயர் வரலாறு நமக்குப் பெரும்பாலும் போர்க்களங்களின் வரிசையாகவே கற்பிக்கப்பட்டிருக்கிறது. பானிப்பட்டில் எதிர்நின்றவர் யார், வென்றவர் யார், ஆண்டு எது என்று கேட்டால் பள்ளி மாணவனும் தடையின்றி விடை சொல்வான். ஆனால் அந்தக் களத்துக்கு அவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள், வழியில் எங்கே இறங்கித் தங்கினார்கள், ஏறிச் சென்ற குதிரைகள் அன்றிரவு எதைத் தின்றன என்று கேட்டுப் பாருங்கள். கற்றறிந்தோரும் சற்றுத் தயங்குவர். குதிரையின் வாய்க்குப் புல் கிடைக்காத இடத்தில் எந்த வீரனுடைய வாளும் உறையை விட்டு வெளியே வந்ததில்லை. ஆகவே புல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும்.

இதைப் பட்டறிந்து சொன்ன பேரரசர் பாபர். 1506ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் அவர் ஹிராத்திலிருந்து காபூலுக்குத் திரும்பினார். காந்தஹார் வழி சுற்று. ஆனால் அபாயம் குறைந்தது. மலைவழி குறுக்கு; ஆனால் பனிக்காலத்தில் கொடியது. காசிம் பேக் என்னும் முதிய அமீரின் பிடிவாதத்துக்கு இணங்கி மலைவழியே செல்ல முடிவாயிற்று. வழிகாட்டியாக வந்தவருக்குப் பனியில் வழி தெரியாமற் போயிற்று. அதற்குப்பின் நடந்ததைப் பாபரே தம் நினைவுக் குறிப்புகளில் விவரித்திருக்கிறார். பத்துப் பதினைந்து பேர் முன்னே இறங்கி இடுப்பளவும் நெஞ்சளவும் அமிழ்ந்து பனியை மிதித்துப் பாதை செய்வர். அவர்கள் பின்னே ஆளில்லாத குதிரை ஒன்றை இழுத்துச் செல்வர். அது அங்கவடி மூழ்கும் அளவுக்குப் பனியில் புதைந்து, பத்துப் பதினைந்து அடி போனதும் களைத்து நிற்கும். அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கொண்டுவருவர். ஏறக்குறைய ஒரு வாரம் இவ்வாறு மிதித்தும் அவர்கள் கடந்த தொலைவு மிகச் சொற்பம். ஓரிரவு ஒரு குகையின் வாயிலை அடைந்தார்கள். உள்ளே வந்து உறங்குமாறு தோழர்கள் அழைத்தபோது, தம் ஆட்கள் பனியில் கிடக்கத் தாம் மட்டும் கதகதப்பில் படுப்பது முறையன்று என்று பாபர் மறுத்துவிட்டார். மண்வெட்டியால் பனியைத் தோண்டிப் பள்ளம் செய்து அதில் அமர்ந்துகொண்டார். தலைமேலும் காதுகள்மேலும் நான்கு விரற்கடை பனி படிந்தது. பாபரின் பெருந்தன்மைக்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை எழுதுவோர் பலர். பெருந்தன்மை இருக்கட்டும், அந்த இரவு நேர்ந்ததே பயணம் சரியாகத் திட்டமிடப்படாததால் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

பாபரின் பேரர் அக்பர் காலத்தில் பயணம் ஒரு சாத்திரமாகவே வளர்ந்துவிட்டது. அபுல் பஸல் தமது ஆயினே அக்பரியில் பாசறை அமைப்புக்குத் தனி இயல்களே வகுத்திருக்கிறார். அரசரின் கூடாரங்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். ஒன்றில் அரசர் தங்கியிருக்கும்போதே மற்றொன்று அடுத்த தங்குமிடத்துக்கு முன்கூட்டிப் போய்ச் சேர்ந்துவிடும். இவ்வாறு முன் செல்லும் கூடாரத்துக்குப் பேஷ்கானா என்று பெயர். ஒரு தொகுதியைச் சுமக்க 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமையாட்கள். காவலுக்கு 500 குதிரை வீரர்கள். கூடாரம் அடிக்கும் பர்ராஷ்கள் 1000 பேர். நிலம் திருத்தி வழி சமைப்போர் 500 பேர். தண்ணீர் சுமக்கும் பிஸ்திகள் 100 பேர். தச்சர், கூடாரம் தைப்போர், தீவட்டிக்காரர் ஆகியோர் 50 பேர். தோல் வேலை செய்வோர் 30 பேர். துப்புரவுப் பணியாளர் 150 பேர். இப்பணியாளரின் மாதச் சம்பளம் 130 தாமிலிருந்து 240 தாம் வரை. 40 தாம் ஒரு ரூபாய் என்று கணக்கிட்டால், மூன்றேகால் ரூபாயிலிருந்து ஆறு ரூபாய் வரை ஆகும். அரசவைப் புலவர்களின் பெயர்களோடு துப்புரவுப் பணியாளரின் எண்ணிக்கையையும் ஒரே நூலில் பதிந்து வைத்த அபுல் பஸலுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

குதிரைக்குரிய கணக்கு இன்னும் நுட்பமானது. அரசரின் சொந்த லாயத்துக் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழரைச் சேர் தானியம். இன்றைய நிறுவையில் நாலரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். குளிர்காலத்தில் வேகவைத்த பயறு. அதனோடு மாவும் சர்க்கரையும் உண்டு. பசும்புல் முளைக்கும் வரை அரைச் சேர் நெய். பசும்புல் கிடைக்கும் நாட்களில் வைக்கோலுக்குப் படி கிடையாது. ஒரு குதிரையின் தீவனத்துக்கு ஏறத்தாழ மூன்று பிகா நிலம் தேவை என்றும் அபுல் பஸல் எழுதுகிறார். வெளிநாடுகளிலிருந்து குதிரை கொண்டுவரும் வணிகர் தங்குவதற்கென்று தனிச் சராயும், அதற்கொரு பொறுப்பாளரும் இருந்தனர்.

இந்த இடத்தில் நம் கடற்கரையையும் சற்று நினைத்துக்கொள்வோம். பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து மஅபருக்கு ஆண்டுதோறும் வந்திறங்கிய குதிரைகள் 10,000 என்றும், தலைக்கு 220 பொற்காசு விலை என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். காயலுக்கு வந்த மார்க்கோ போலோவும் இந்த வணிகத்தைக் கண்டு வியந்தவரே. அத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் இங்கே நெடுநாள் உயிர் வாழவில்லை என்பதில் இருவரும் ஒருமித்துப் பேசுகின்றனர். பாலும் வெண்ணெயும், வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்துப் பாழாக்கினார்களாம். புல்வெளியில் பிறந்த விலங்கைப் புல்லற்ற நாட்டில் வைத்துக் காப்பதன் இடர்ப்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கொடுத்ததெல்லாம் அன்பினால்தான் என்பது வேறு செய்தி.

அரச பரிவாரம் இவ்வாறு சென்றதென்றால், சாமானிய வழிப்போக்கன் என்ன செய்தான்? அவனுக்கென்று இருந்தவை சராய்கள். 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூரி இரண்டு குரோசத்துக்கு ஒன்றாக 1700 சராய்கள் எழுப்பினார் என்று அப்பாஸ் கான் சர்வானி குறிக்கிறார். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி அறைகள். வாயிலில் தண்ணீர்ப் பானைகள். இந்துக்களுக்குத் தண்ணீரும் உணவும் படுக்கையும் தரப் பிராமணர்கள். வழிப்போக்கனின் குதிரைக்குத் தானியம். ஒவ்வொரு சராயிலும் தபாலுக்கென இரண்டு குதிரைகள் நின்றன. ஐந்தாண்டு ஆட்சியில் இத்தனை கட்டி முடிந்திருக்குமா என்று ஐயுறுவோர் உண்டு. எண்ணிக்கை சற்று மிகையாயினும் ஏற்பாட்டின் நோக்கம் தெளிவானது. பயணிக்கும் அவன் குதிரைக்கும் ஒரே கூரையின்கீழ் பசி தீர வேண்டும் என்பதே அது.

இனி, ஒரு தனிமனிதன் இத்தகைய பயணத்துக்கு எப்படித் தயாரானான் என்பதைக் காண்போம். அதை நமக்குச் சொல்லிச் சென்றவர் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியர். ஔரங்கசீப் காஷ்மீரம் செல்லப் புறப்பட்டபோது, தம்மை ஆதரித்த அமீரான தானிஷ்மந்த் கானுடன் அவரும் கிளம்பினார். சக்கரவர்த்தி டில்லியை விட்டு வெளியேறியது 1664 டிசம்பர் 6ஆம் தேதி, பிற்பகல் மூன்று மணி. அந்த நாளும் மணியும் சோதிடர்கள் குறித்துக் கொடுத்தவை. சில நாட்களில் பெர்னியர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தமது மூட்டையை அவிழ்த்துக் காட்டுவதுபோல் எல்லாவற்றையும் சொல்கிறார்.

நல்ல துர்க்கிஸ்தானக் குதிரைகள் இரண்டு. சுமைக்கு வலிய பாரசீக ஒட்டகம் ஒன்று. அதற்கு ஓர் ஆள். குதிரைகளைப் பராமரிக்க ஒருவன், சமைக்க ஒருவன், குதிரைக்கு முன்னே தண்ணீர்க் குடுவையோடு நடக்க ஒருவன். நடுத்தர அளவில் ஒரு கூடாரம், ஒரு விரிப்பு, நான்கு மெல்லிய மூங்கில்களால் ஆன கட்டில், ஒரு தலையணை. உண்ணும்போது தரையில் விரிக்க வட்டமான தோல் சுப்ரா ஒன்று. சமையற் பாத்திரங்கள் மூன்று சிறு பைகளில், பைகள் ஒரு பெரிய பையில், அதுவும் ஒட்டகத்தின் முதுகில். ஐந்தாறு நாட்களுக்கு அரிசி, சோம்பு மணக்கும் இனிப்பு ரொட்டிகள், எலுமிச்சை, சர்க்கரை. தயிரைத் தொங்கவிட்டு நீர் வடிக்க இரும்புக் கொக்கியுடன் ஒரு துணிப்பை. வெயிலில் எலுமிச்சைச் சாறும் தயிரும் போல் இதம் தருவது வேறில்லை என்கிறார். இதில் வேண்டாத பொருள் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியுமா? கூடாரமும் கட்டிலும் கொண்டு மலைநாட்டுக்கு விடுமுறை போகிற இன்றைய பயணிகூட இதைவிடச் சிக்கனமாக மூட்டை கட்டுவாரென்று நான் நினைக்கவில்லை.

அவரை அச்சுறுத்தியவை இரண்டு: ரொட்டியும் தண்ணீரும். டில்லிக் கடைத்தெரு ரொட்டியில் மணல் கலந்திருந்தது. எல்லா மனிதரும் விலங்கும் இறங்கிக் கலக்கிய தண்ணீரைக் குடித்தால் காய்ச்சலும், காலில் நரம்புச் சிலந்தியும் வரும் என்பதை மருத்துவரான அவர் நன்கறிவார். நல்லவேளையாக, நவாபின் சமையற்கட்டிலிருந்து நாள்தோறும் புது ரொட்டியும், ஒட்டகங்களில் சுமந்துவந்த கங்கை நீரில் ஒரு குடுவையும் அவருக்குக் கிடைத்தன. அந்தக் குடுவை ஈயத்தகட்டால் செய்து சிவப்புத் துணி சுற்றியது. துணியை ஈரமாக்கிக்கொண்டே போனால், வீசும் காற்றில் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். நம் ஊர் மண்பானை செய்யும் அதே வேலையைத்தான் அந்த ஈரத் துணி செய்தது.

பெர்னியரின் கணக்கில் பரிவாரத்தோடு சென்ற குதிரைப்படை மட்டும் 35,000. ஆயினே அக்பரி அரசரின் குதிரைக்கு வகுத்த படியில் பாதியே ஒவ்வொன்றுக்கும் கிடைத்ததென்று கொண்டாலும், ஒரு நாளைக்கு 80 டன் தானியம் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு குதிரை 20 முதல் 40 லிட்டர் வரை நீர் பருகும். யானை, ஒட்டகம், காளை, கோவேறு கழுதை ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. டில்லியிலிருந்து லாகூர் பதினைந்து நாள் வழி. பாதுஷா போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆயின. நெடுஞ்சாலையை விட்டு விலகி யமுனைக் கரையோரமாகச் சென்றதற்கு வேட்டை ஒரு காரணம். தண்ணீர் மற்றொரு காரணம். இதே பரம்பரையில் வந்த அக்பர் 1573 ஆகஸ்ட் 23ஆம் தேதி பத்தேப்பூர் சிக்ரியை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 2ஆம் தேதி அகமதாபாத்தை அடுத்துப் போர் புரிந்து வென்றார். அவருடன் இருந்தவர் ஏறத்தாழ 3,000 பேர்தாம். பெரிய கூடாரமும் பெரிய பரிவாரமும் இருந்தால் வேகம் இராது. வேகம் வேண்டுமானால் கூடாரத்தை மறந்துவிட வேண்டும்.

இத்தனை விலங்குகளுக்கும் புல் எங்கிருந்து வந்தது? பெர்னியர் இதற்குத் தரும் விடை உள்ளத்தைத் தொடுவது. பாசறையைப் பின்தொடர்ந்து ஏழைகள் பலர் ஊர் ஊராகச் சென்றனர். கொத்துக்கரண்டி போன்ற கருவியால் வயல்வெளிகளை வேரோடு சுரண்டி, அந்தச் சிறு புல்லை மண் போக உதறியோ கழுவியோ கொண்டுவந்து பாசறையில் விற்றனர். சில நாள் விலை ஏறும். சில நாள் இறங்கும். பாதுஷாவின் குதிரை மென்ற புல்லை யாரோ பெயர் தெரியாத ஒரு பெண்ணோ கிழவனோ தரையிலிருந்து சுரண்டி எடுத்திருக்கக் கூடும். ஆயினே அக்பரியின் சம்பளப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. படைவீரரின் உணவோ எளிது. அரிசியும் பருப்பும் கலந்து வேகவைத்து மேலே சிறிது நெய் விட்ட கிச்சடி போதும். டில்லிக் கடைக்காரர்களும் தம் கடைகளைக் கட்டிக்கொண்டு உடன் வந்துவிடுவதால் அது ஒருவாறு நடந்துவிடும்.

பாசறையின் ஒழுங்கைப் பெர்னியர் மனமாரப் பாராட்டுகிறார். எங்கு இறங்கினாலும் கூடாரங்களின் இருப்பு மாறாது. கடைத்தெருக்களை அடையாளம் காட்ட உயர்ந்த கம்பங்களில் கவரிமான் வால் தொங்கும். அரசரின் கூடாரங்கள் சிவப்பு. அமீர்கள் தம் கூடாரத்தை அளவுக்கு மீறி உயர்த்தினால் இடித்துத் தள்ளும்படி ஆணை பிறக்கலாம் என்று அஞ்சுவர். ஆனால் மாலை கவிந்ததும் எல்லா ஒழுங்கும் மறைந்துவிடும். சாணமும் ஒட்டகப் புழுக்கையும் பச்சை விறகும் எரியும் புகை காற்றில்லாத இரவில் தரையோடு படிந்துவிடும். டில்லியின் புகைமூட்டம் நம் காலத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட வேண்டாம். வழி தவறியவனுக்குக் கைகொடுப்பது ஆகாச தீபம்: அரசரின் கூடாரத்தருகே கப்பற் பாய்மரம் போல் நிறுத்திய கம்பத்தின் உச்சியில் எரியும் விளக்கு. அதன் அடிக்குச் சென்று திசை அறிந்து தம் கூடாரத்தைத் தேடலாம். இல்லாவிட்டால் திருடர் அச்சமின்றி அங்கேயே படுத்து விடியும் வரை காத்திருக்கலாம். காவலர் சுற்றிவந்து ‘கபர்தார்’ என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பர்.

மலையடிவாரமான பிம்பரை அடைந்ததும் கணக்கே மாறிவிட்டது. காஷ்மீரம் சிறு நாடு. முழுப் பரிவாரமும் உள்ளே புகுந்தால் பஞ்சம் உண்டாகும் என்பதை ஔரங்கசீப் உணர்ந்திருந்தார். ஆகவே தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு, மற்றவர்களை அடிவாரத்திலேயே நிறுத்தி, அனுமதியின்றி எவரும் மலையேறாதபடி கணவாயில் காவல் வைத்தார். ஒட்டகம் ஏற இயலாத வழியில் மனிதர்களே சுமந்தனர். சுமையாட்கள் 30,000 பேர் வரை தேவைப்பட்டனர் என்று கேள்விப்பட்டதாகப் பெர்னியர் எழுதுகிறார். 100 பவுண்டு சுமைக்குப் பத்துக் கிரௌன் என்று அரசாங்கமே கூலி விகிதம் வகுத்திருந்தது. அவ்வளவு ஏற்பாட்டுக்கும் நடுவே பீர் பஞ்சால் ஏற்றத்தில் ஒரு யானை பின்வாங்கி அடுத்ததன்மேல் விழ, அடுத்தடுத்துப் பதினைந்து யானைகள் பள்ளத்தில் சரிந்தன. அந்தப்புரப் பெண்களுள் மூவரோ நால்வரோ உயிரிழந்தனர். விழுந்த யானைகளில் ஒன்றையும் மீட்க இயலவில்லை.

பாசறை இறங்கிய நிலத்துக்கு உரியவன் யார்? இக்கேள்வி அவர்கள் மனத்தில் எழவே இல்லை என்று சொல்லிவிடுவது அநீதி. 1519இல் பீராவில் தம் வீரர்கள் ஊராரைத் துன்புறுத்துவதாகக் கேள்வியுற்ற பாபர், சிலரைக் கொல்லுவித்தார். சிலரின் மூக்கை அறுத்துப் பாசறையைச் சுற்றிவரச் செய்தார். தண்டனை கொடிது, ஆயினும் யாருக்காகத் தந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பயிர் மிதிபடுவதற்குப் பாயிமாலி என்றே ஒரு சொல் நிருவாக வழக்கில் இருந்தது. ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில், வயல்களைக் காக்க ஆட்களையும், மிதிபட்ட பயிரை மதிப்பிட்டுக் குடியானவர்க்கு ஈடு கொடுக்க அலுவலரையும் நியமித்ததாகக் கூறுகிறார். ஒவ்வொரு வயலுக்கும் பணம் போய்ச் சேர்ந்ததா? அரசர் தந்தது முழுவதும் குடியானவன் கையை எட்டிய நாடு உலகில் எங்கும் இல்லை. எனினும், கடந்து செல்லும் சிறிய பாசறையில் அப்படியொரு விதிக்கு இடமாவது இருந்தது. நகராமல் உட்கார்ந்துவிட்ட பாசறையில் அது எப்படிப் பிழைக்கும்?

ஔரங்கசீப் 1681இல் தக்காணத்துக்குப் புறப்பட்டார். டில்லிக்குத் திரும்பவே இல்லை. 1695இல் கிருஷ்ணை நதிக்கரையிலுள்ள கல்கலாவில் அவருடைய பாசறையைக் கண்ட இத்தாலியர் ஜெமல்லி கரேரி தரும் எண்கள் மலைக்க வைப்பவை: குதிரைப்படை 60,000, காலாட்படை 1,00,000, ஒட்டகம் 50,000, யானை 3,000, கடைத்தெருக்கள் 250, ஆக 5 லட்சம் மக்கள் வாழும் நகரம். இவற்றைக் கேள்விக் கணக்கு என்று வைத்துக்கொண்டு பாதியாகக் குறைத்தாலும் எந்த ஆற்றங்கரை இதைத் தாங்கும்? ஒரு குதிரைக்கு மூன்று பிகா நிலம் என்று வகுத்த அபுல் பஸலின் கணக்கை இங்கே பெருக்கிப் பாருங்கள். நம் சென்னைப் பட்டணத்தில் முதுமையைக் கழித்த வெனிஸ்காரர் மனூச்சி, அந்தப் போரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் மனிதரும் மூன்று லட்சம் விலங்குகளும் மடிந்ததாகவும், மரமும் பயிரும் இருந்த இடத்தில் எலும்புகளே எஞ்சியதாகவும் எழுதினார். மனூச்சி மிகைப்படுத்துவதில் வல்லவர் என்பதை நானறிவேன். ஆனால் 1702இல் கேல்னாக் கோட்டையை விட்டு மழைக்காலத்தில் திரும்பிய படை, பெருக்கெடுத்த ஓடைகளுக்கு நடுவே ஏறக்குறைய 30 மைல் தூரத்தைக் கடக்க ஐந்து வாரங்களுக்குமேல் பிடித்ததும், வழியெங்கும் சுமை விலங்குகள் மாண்டதும் மிகையல்ல.

அதற்கு இரண்டாண்டு முன்பு நேர்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 1700 அக்டோபர் தொடக்கத்தில் பாசறை கவாஸ்பூரில், மாண் ஆற்றின் வறண்ட மணற்படுகையில் இறங்கியிருந்தது. மழைக்காலம் முடிந்துவிட்டது என்ற துணிவு. ஆற்றின் மேற்புறத்து மலைகளில் பருவந்தவறிப் பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாக வந்து, உறங்கிக்கொண்டிருந்த கூடாரங்களையும், கட்டிக் கிடந்த விலங்குகளையும் வாரிக்கொண்டு போயிற்று. நூற்றைம்பது ஆண்டுக்கால அனுபவமுள்ள ஒரு பாசறை, இடையன்கூட இறங்கத் தயங்கும் இடத்தில் இறங்கியிருந்தது. கூச்சல் கேட்டு, பகைவர்தாம் பாய்ந்துவிட்டனர் என்று எண்ணிப் பதறி எழுந்த முதிய பாதுஷா கால் இடறி விழுந்தார். வலது முழங்கால் பிசகியது. மருத்துவர் எவராலும் அதைச் சரிசெய்ய இயலவில்லை. மூதாதையான தைமூரும் ஒரு கால் ஊனமுற்றவர்தாமே, இது அவர்வழி வந்த சொத்து என்று அரசவையினர் முகமன் கூறித் தேற்றினர். 1707இல் அகமதுநகரில் கண் மூடும் வரை ஔரங்கசீப் அந்தக் காலைத் தாங்கித் தாங்கியே நடந்தார்.